மூன்றாம் சம்ப்

அஃப்ஷாவுக்குச் சிறு வயதிலிருந்தே கழிவுநீர்த் தொட்டி என்றால் பயம். ஆம்பூரில் அவர்கள் குடியிருந்த தெருவில், தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த ஒருவரை ஒரு மத்தியானம் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தொட்டியை வழிக்க இறங்கியவர், இறங்கிய இடத்திலேயே சாய்ந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். காயமே இல்லாமல் ஒரு மனுஷன் செத்துப்போக முடியும் என்பது அவளுக்குள் அன்றைக்குப் புகுந்தது. பிறகு போகவே இல்லை.

வாணியம்பாடியில் எம்.சி.ஏ. படித்தாள். கம்ப்யூட்டர் படித்தால் தோல், சுண்ணாம்பு, தொட்டி எதன் பக்கமும் போக வேண்டியிருக்காது என்று நினைத்தாள். ஆனால் கிடைத்த வேலை, பல டேனரிகளின் கழிவுநீரை ஒன்றாகச் சுத்திகரிக்கும் நிலையத்தில். கணவர் தௌசீப் அகமது ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். வீட்டுக்குப் பக்கம், ஏசி அறை, சர்வரைப் பார்த்துக்கொள்வதுதானே என்று அவர்தான் தைரியம் சொன்னார். சேர்ந்த அன்றே அஃப்ஷா தன் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு முதுகு. ஜன்னலுக்கு வெளியே தொட்டிகள்.

நிலையத்துக்கு வரும் கழிவுநீர் முதலில் ஆழமான கிணறு போன்ற சம்புகளில் விழும். நீர் தேங்கினால் அங்கே விஷவாயு சேரும். ஒவ்வொரு சம்பிலும் வாயுவை அளக்கும் சென்சார் உண்டு. அது அனுப்பும் எண், சர்வர் வழியாகக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும். குறைவாக இருந்தால் பச்சை, ஏறினால் சிவப்பு, வெளியே சைரனும் கத்தும். கூடவே ஆட்கள் கையில் எடுத்துப்போகும் சின்ன மீட்டர் ஒன்றும் இருந்தது. அது ரிப்பேருக்குப் போயிருந்த சமயத்தில்தான் இது நடந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நிலையம் முழுக்கப் புதிய கேமராக்கள் மாட்டினார்கள். படமெல்லாம் அதே சர்வருக்குத்தான் வந்தது. மாட்டியதிலிருந்து திரை அடிக்கடி விக்கியது. மேனேஜர் பரணிதரன் கேபிளை மாற்றச் சொன்னார், மாற்றியும் தீரவில்லை. மெஷின் ஆறு சதவீதம்தான் வேலை செய்கிறது, அதில் கோளாறு இருக்க வழியில்லை என்பது அவர் கட்சி. அஃப்ஷாவுக்கு மனம் ஒப்பவில்லை. அன்று காலை டீ குடித்துவிட்டு, இன்றைக்கு இதைப் பார்த்தே தீருவது என்று உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஃபிட்டர் இன்பராஜ். மூன்றாம் சம்பில் பம்ப் அடைத்துக்கொண்டது, அதை மேலே தூக்கச் சங்கிலியை மாட்டிவிட்டு வர இறங்கப் போகிறேன் என்றார்.

"ஸ்கிரீன்ல கேஸ் எவ்ளோ காட்டுது மேடம்?"

அவள் பார்த்தாள். பச்சை.

"நாலு அண்ணா."

"அப்ப ஒண்ணும் இல்ல. வச்சிடறேன்."

அவள் மறுபடி வேலைக்குத் திரும்பினாள். அந்த சர்வருக்குள் பதினாறு கோர்கள், அதாவது தனித்தனியே வேலை செய்யக்கூடிய பதினாறு மூளைகள். பரணிதரன் சொன்ன ஆறு சதவீதம், பதினாறையும் சேர்த்துப் போட்ட சராசரி. அஃப்ஷா ஒரு விசையைத் தட்டி அவற்றைத் தனித்தனி வரியாகப் பிரித்துப் பார்த்தாள். பதினைந்து கோர்கள் சும்மா கிடந்தன. முதலாவது மட்டும் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

காரணமும் உடனே பிடிபட்டது. நெட்வொர்க் கார்டுக்கு ஏதாவது தகவல் வந்தால், அது ஒரு கோரைக் கூப்பிட்டு, கையில் இருப்பதை விட்டுவிட்டு முதலில் இதைக் கவனி என்று குறுக்கிடும். அதற்குப் பெயரே இன்டரப்ட். அந்தக் கூப்பாடு எல்லாக் கோர்களுக்கும் பிரிந்து போக வேண்டும். பிரித்துக் கொடுக்கும் புரோகிராமை கேமரா கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் முதல் கோரின் தலையில் கட்டியிருந்தார்கள். அத்தனை கேமராக்களும் ஓயாமல் அதையே கூப்பிட்டன. அதற்கு மூச்சு விட நேரமில்லை; வந்த தகவலில் பாதி வாசலிலேயே விழுந்து போனது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். அடுத்து ஒரு கேள்வி வந்தது. விழுந்து போனது கேமரா படமாக இருந்தால் போகட்டும். சென்சார் எண்கள் எங்கே போகும்? சென்சார்ப் பெட்டி, அனுப்பிய எண் போய்ச் சேராவிட்டால் தன்னிடமே வைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் திரும்ப அனுப்பும். அப்படியானால் வரிசை நீண்டிருக்கும். அப்படியானால் திரையில் தெரிவது...

சர்வருக்குக் கடைசியாக வந்த தகவலை அப்படியே திறந்து பார்த்தாள். மூன்றாம் சம்ப், நாலு. பக்கத்தில் சென்சார் அளந்த நேரம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏறத்தாழ அரை மணி நேர வித்தியாசம்.

அவள் சொன்ன நாலு, பம்ப் அடைக்கும் முன்பு இருந்த நாலு.

இன்பராஜ் நம்பரைப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சைரன் பட்டனை அழுத்தினாள். சைரன் கத்தவில்லை. அதுவும் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அழுத்திய பிறகுதான் உறைத்தது. அவள் எழுந்து ஓடினாள்.

தொட்டிகளுக்கு நடுவே இருந்த அந்தப் பாதையில் அவள் ஒருநாளும் நடந்ததில்லை. மூன்றாம் சம்பின் வாயில் முக்காலி போல நிறுத்திய இரும்புச் சட்டம், அதிலிருந்து உள்ளே இறங்கிய கயிறு. பக்கத்தில் கழற்றி வைத்த சட்டை, அதன்மேல் இன்பராஜின் போன். உதவிக்கு நின்ற வேதாசலம் குனிந்து, உள்ளே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பதில் இல்லை.

"மேல இழுங்க. கேஸ் இருக்கு," என்றாள் அஃப்ஷா.

"வாடையே அடிக்கலையேம்மா," என்றார் அவர்.

அதுதான் அவளைக் குலை நடுங்க வைத்தது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். ஜாஸ்தியானால் மூக்கே செத்துப்போகும்.

வேதாசலம் ஏணியில் காலை வைத்தார். நான் போய்த் தூக்கிட்டு வர்றேன் என்றார். அஃப்ஷா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொட்டிச் சாவுகளில் முதல் ஆளைத் தூக்கப் போகிறவன்தான் இரண்டாவது ஆள் என்று அவள் படித்திருந்தாள்.

"எறங்காதீங்க. கயிறு கட்டியிருக்கு இல்ல? இழுங்க."

அவர் உதறினார். அவள் விடவில்லை. அவளைவிட இரண்டு மடங்கு பலம் உள்ள மனுஷர்; பயம்தான் அவள் விரல்களைக் கழலவிடாமல் வைத்திருந்தது. பிறகு அவருக்கே புத்தி வந்து, சட்டத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். அவளும் சேர்ந்து சுற்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு. பாரம் மெதுவாக ஏறியது. முதலில் தலை தெரிந்தது. தொங்கிய தலை. காயம் எதுவும் இல்லாத முகம்.

தூரத்துக்கு இழுத்துப் போய்க் கிடத்தினார்கள். யார் யாரோ ஓடி வந்தார்கள். ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து முகத்தில் வைத்தார். அஃப்ஷா இன்பராஜின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது, அவர் இருமினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவள் அறைக்குத் திரும்பினாள். திரையில் மூன்றாம் சம்ப் இன்னும் பச்சையாகவே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறத் தொடங்கியது. மஞ்சள், அப்புறம் சிவப்பு. இன்பராஜ் கீழே விழுந்துகொண்டிருந்த நேரம் இப்போதுதான் திரைக்கு வந்து சேர்ந்திருந்தது. வெளியே சைரன் அலறியது. முற்றத்தில் நின்றவர்கள் திடுக்கிட்டு மேலே பார்த்தார்கள். அஃப்ஷா மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பரணிதரன் வந்ததும் அந்தப் பதினாறு வரிகளையும் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நிறுத்தியிருந்த புரோகிராமை அவள் மறுபடி ஓடவிட்டாள். முதல் கோரின் பாரம் மற்றவற்றுக்குப் பிரிந்தது. தேங்கிய எண்கள் மளமளவென்று வந்து தீர்ந்தன. இவ்வளவுதான் வேலை. அது இவ்வளவு சின்னது என்பதே அவளுக்கு இன்னும் அதிகப் பயமாக இருந்தது.

கேமராக்களுக்கு அந்த வாரமே தனி சர்வர் வந்தது. சென்சார் அளந்த நேரம் திரையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரியும்படி அவள் மாற்றினாள். எண் பழையதானால் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். சைரனுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தார்கள். கைமீட்டர் இல்லாமல் யாரும் மூடியைத் திறக்கக்கூடாது என்று பரணிதரன் உத்தரவு போட்டார். தௌசீப் வேலையை விட்டுவிடச் சொன்னார். அவள் விடவில்லை.

இன்பராஜ் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குடியாத்தத்தில் அவர் வீட்டுக்கு அஃப்ஷா தௌசீப்புடன் போனாள். தலைவலி மட்டும் விடவில்லை என்றார். அவர் மனைவி பூங்குழலி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, என்னதான் ஆச்சு என்று கேட்டாள். அஃப்ஷா தன்னால் முடிந்தவரை சொன்னாள்: பதினாறு பேர் செய்ய வேண்டியது ஒருத்தர் தலையில் விழுந்தது, அதனால் சேதி பிந்தி வந்தது, பிந்தியது யாருக்கும் தெரியாமல் போனது.

பூங்குழலி கவனமாகக் கேட்டாள்.

"இனிமே அப்டி ஆவாதில்ல?"

"இது ஆவாது," என்றாள் அஃப்ஷா. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வேற எது ஆவும்னு எனக்குத் தெரியலக்கா. தினம் போனதும் எல்லாத்தையும் பார்க்கறேன்," என்றாள்.