சுண்ணாம்பு வளையம் போட்ட ஆறு மரங்கள்

காய்ச்சல் விட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று காலை, நேரே காட்டுக்குத்தான் போனேன். எப்போதும் இருட்டிக் கிடக்கும் இடத்தில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால், வெட்டிய மெராந்தி ஒன்றின் அடிமரத்தில் உட்கார்ந்து, கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து தலைப்பாகையை அவிழ்த்து, "வேலையெல்லாம் முடிஞ்ச மாதிரிதானுங்க ஐயா" என்றார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மூன்று தோட்டங்களுக்கு நடுவே, ரப்பர் நடாமல் தப்பிய காட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. உள்ளே ஓர் ஓடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி லயங்களில் குடியிருக்கும் சனங்களும் கம்பம் என்கிற கிராமங்களின் மலாய்க்காரர்களும் கடைத்தெருச் சீனர்களும் அங்கே குளிக்கவும் நிழலில் உட்கார்ந்து சாப்பிடவும் வருவார்கள். அதைப் பொதுக்காடாக விட்டுவைப்பதா, ரப்பர் நடக் கொடுத்துவிடுவதா என்று மாவட்டத் துரை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது. அதுவரை காட்டைப் பராமரிக்கத் தோட்டத் துரைமார் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி என்றால், தேநீர் குடிப்பது அவர்கள், மற்றதெல்லாம் நான்.

அந்தக் காட்டால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவன் பிரம்பு வெட்டுவான், இன்னொருவன் ஆட்டை ஓட்டி வருவான். கேட்டால், "பொதுக்காடுதானுங்களே" என்பான். பொது என்றால் எல்லோரும் காப்பது என்று நான் நினைத்திருந்தேன். எல்லோரும் எடுப்பது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சோற்று இலையும் எலும்பும் பொறுக்கியே என் திங்கட்கிழமைகள் போயின. ஆனாலும் அந்தக் காடு கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். தோட்டத்தில் மரமும் வரிசை, லயமும் வரிசை, காலையில் ஆள் நிற்பதும் வரிசை. சனங்கள் இஷ்டம்போல் காலை நீட்டி உட்கார அந்த ஒரு இடம்தான் இருந்தது.

மண்டோர் சேலம் பக்கத்துக்காரர். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்து வைப்பார். அதுதான் அவரிடம் எனக்கு எரிச்சல். காட்டில் பாதை வெட்ட அவரையும் எட்டு ஆட்களையும் துரை அனுப்பியிருந்தார். ஆறு பெரிய மரங்களைக் காட்டித்தான் மாவட்டத் துரையிடம் வாதாட வேண்டும் என்று நினைத்து, அவற்றில் யாரும் கை வைக்காதபடி சுண்ணாம்பில் வளையம் போடச் சொன்னேன். அன்று மாலையே குளிர்காய்ச்சல் என்னைத் தூக்கிப் போட்டது. மாட்டுவண்டியில் ஏற்றும்போது, "வளையம் போட்ட மரங்களைப் பாத்துக்கொள்ளும்" என்று மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

"ஆர் உம்மை வெட்டச் சொன்னது?" என்று கத்தினேன். கத்தியதில் எனக்கே தலை சுற்றியது.

"நீங்கதானுங்க ஐயா. வளையமும் போடச் சொல்லி, பாத்துக்கன்னும் சொன்னீங்க."

தோட்டத்தில் பால் வற்றிய மரத்துக்கும் நோய் கண்ட மரத்துக்கும்தான் சுண்ணாம்பு வளையம். வளையம் விழுந்த மரம் இரண்டொரு நாளில் தரையில் கிடக்கும். கிராணி "பார்த்துக்கொள்" என்றால் சோலியை முடி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பத்திரமாக வைத்திரு என்றுதான் பொருள். ரப்பர்க் காட்டில் நாள்தவறாமல் வளையம் போட வைத்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? என் மடத்தனத்துக்கும் சேர்த்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒண்ணு மட்டும் வெட்டலீங்க ஐயா. ஓடக்கரை மரம். பொம்பளைங்க அதுலதான் தூளி கட்டுறாங்க. மனசு வரல. அது தப்புதாங்க. நாளைக்கு வெட்டிப்புடறேன், துரைகிட்ட சொல்லிப்புடாதீங்க."

ஒரு மரத்தை விட்டுவைத்ததற்குத்தான் நான் குதிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "இனி ஒரு மரத்தையும் தொடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் துரை வந்தார். ஐந்து அடிமரங்களையும் பார்த்து முகத்தைச் சுளித்தார். காடு போயிற்று என்றே நினைத்தேன். ஓடைக்கரைக்கு வந்தோம். அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் மூன்று தூளிகள் தொங்கின. பெண்கள் பதறி எழுந்து நின்றார்கள். அவர் அவர்களை உட்காரச் சொல்லிக் கையசைத்துவிட்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு, இதைக் காப்பாற்றி வைத்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மண்டோர் என் பக்கத்தில்தான், ஆங்கிலம் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"வளையம் போட வைத்தது நான்தான், சார்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

காடு பொதுவுக்கே விடப்பட்டது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இன்று அங்கே கார்களில் வருகிறார்கள், போத்தல்களை ஓடையில் வீசிவிட்டுப் போகிறார்கள், பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் வாயைத் திறந்து யாரையும் திட்ட முடிவதில்லை. அன்று துரையின் கார் போன பிறகு மண்டோர் தயங்கித் தயங்கி என்னருகில் வந்து, "ஒண்ண விட்டுவச்சதுக்குத் துரைக்குக் கோவங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நீங்க எனக்காவப் பேசுனீங்க, பாத்தேன்" என்று சொல்லி, இரண்டு கையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.