காலி வால்யூமுக்கு வெற்றிலை பாக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று காலையில் அதைக் கிளப்பியது ஒரு காலி வால்யூம்.

தஞ்சாவூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உள்ளே இருப்பது என்னவோ ஒரே பெரிய இயந்திரம்தான். அதையே ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி சர்வராகப் பிரித்து வைத்திருப்போம். டிஸ்க்கில் இருக்கும் இடத்தையும் வால்யூம் வால்யூமாக வெட்டிக் கொடுப்போம். எங்கள் ஜனங்கள் வாய்க்கால் தண்ணீர் கேட்கிற மாதிரிதான் இதையும் கேட்பார்கள். வேண்டியது மரக்கால், கேட்பது கலம்!

அறுவடை உச்சத்தில், நெல் கொள்முதல் பதிவுக்கான வால்யூம் நிரம்பி சர்வர் நின்றுவிட்டது. பதிவில்லாமல் மூட்டையை எடைபோட மாட்டார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம், வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருக்கிற எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில், அம்மாவின் நெல் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. நாங்கள் பண்ணையாளாக இருந்த குடும்பம். வருஷக்கணக்கில் குத்தகைத் தகராறு நடந்து, அம்மா பேரில் பட்டா வந்தபின் முதல் வெள்ளாமை அது.

"கடல் பக்கம் கறுத்துக்கிட்டு வருதுடி, தார்ப்பாயும் பத்தல" என்றாள் போனில். எங்கே இடம் சும்மா கிடக்கிறது என்று தேடினேன்.

மேல்மாடித் துறை ஒன்று, பின்னால் தேவைப்படும் என்று பெரிய வால்யூமாக வாங்கி வைத்திருந்தது. அதில் ஒரு கோப்புகூடக் கிடையாது. வைக்கோல் போரில் படுத்த நாய் கதைதான். அதை அழித்தால் இடம் பொதுவுக்குத் திரும்பும். கொள்முதல் வால்யூமை நீட்டிவிடலாம். ஆனால் அந்தத் துறை அதிகாரி சம்மதிக்க வேண்டும். போனில் கேட்டேன். "குடுத்தா திரும்ப வராதுங்க" என்று வைத்துவிட்டார்.

மாடியேறிப் போய்க் கத்தலாம் என்று எழுந்தபோதுதான், அவர் திருக்காட்டுப்பள்ளிக்காரர் என்பது நினைவுக்கு வந்தது. அட, தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை! முறைத் தண்ணீர் வந்து சேராவிட்டால் எங்கள் ஊரில் வெற்றிலை பாக்குத் தட்டோடு மேலே உள்ள ஊருக்குப் போய்க் கேட்பார்கள். வெற்றிலையை எடுத்துவிட்டால் மடையைத் திறந்தே ஆகவேண்டும்.

எதிர்க்கடையில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கி, டீ கொண்டுவரும் தட்டில் பாக்கோடு வைத்து, அவர் முன்னால் நீட்டினேன்.

"என்னங்க, கல்யாணமா?"

"கடைமடையிலேருந்து வந்திருக்கேன் சார். தண்ணி வரல."

ஒரு கணம் விழித்தார். பிறகு அறையே அதிர ஒரு சிரிப்பு. "அடேங்கப்பா! இத எடுத்தா நான் தொறக்கணுமே!"

"தொறங்க சார். நெல்லு நனையப்போவுது."

அவர் எடுத்தார். நான் படிகளில் ஓடினேன். காலி வால்யூமை அழித்து, கொள்முதல் வால்யூமை நீட்டி, சர்வரை எழுப்பினேன். பதிவுகள் திமுதிமுவென்று வர ஆரம்பித்தன. எனக்கு ஆடவேண்டும் போல் இருந்தது.

மதியம் அம்மா கூப்பிட்டாள். மூட்டை எடைபோட்டு லாரி ஏறிவிட்டது. அவளுக்குப் பின்னால் மழை கொட்டும் சத்தம். நான் வெற்றிலைக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒங்க அப்பா மேல உள்ள ஊருக்குக் கொண்டுபோன தட்ட தரையில வைக்கச் சொல்லுவாங்க. யாரும் தொட்டதில்ல" என்றாள். "அவரு ஒங்கையிலேருந்தா எடுத்தாரு?"

"ஆமாம்மா."

"போட்டுக்கிட்டாரா?"

"போட்டுக்கிட்டாரு. அப்புறம் கீழ வந்து எனக்கும் ஒண்ணு மடிச்சுக் குடுத்தாரு."



"இன்னொரு தடவ சொல்லுடி" என்றாள் அம்மா.