கடலைக்காட்டுப் பண்ணைக்கீரை

ஆறாம் மாதம். கல்லல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் ரொம்பக் கம்மி. இப்படியே போனா உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மாத்திரையை விடாதே, கீரை நெறையச் சாப்பிடு" என்றார்.

மாமியார் காரைக்குடியிலிருந்து ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக் குவித்தார். கீரையோ எங்கள் கடலைக்காட்டிலேயே, மழை பெய்த கையோடு தானாக முளைத்துக் கிடந்தது. பண்ணைக்கீரை. களையெடுக்க வரும் பெண்கள் அதை மடி நிறையக் கட்டிக்கொண்டு போவார்கள். நிலத்துக்காரர்களான எங்கள் வீட்டில் மட்டும் அதற்குக் களை என்று பெயர்.

ஒருநாள் நானும் போய்க் கிள்ளிக்கொண்டு வந்தேன். மாமியார் அப்படியே வாங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார்.

"ஏத்தா, நம்ம வீட்டுப் பொம்பளை காட்டுல குனிஞ்சு கீரை பொறுக்குனா ஊரு என்ன பேசும்? கஞ்சிக்கு இல்லாத வீடுன்னு நெனைக்க மாட்டாகளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் இல்லாதது எனக்கு, மானம் போவது இவருக்கா? இருக்கட்டும் என்று வளைகாப்பு வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, வளையல் போட்டு முடித்த நாத்தனார், "வாய்க்கு என்ன கேக்குது, சொல்லு" என்றார். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அது தெரிந்துதான் குரலை உயர்த்தினேன்.

"பண்ணைக்கீரை. நம்ம கடலைக்காட்டுல உள்ளது. அத்தை கையால பறிச்சு, அத்தை கையால கடைஞ்சு வேணும்."

மாமியார் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு விறுட்டென்று எழுந்து, பட்டுச்சேலையோடு காட்டுக்குப் போனார். போன வேகத்தில் மடி நிறையக் கீரையோடு திரும்பினார். அத்தனையும் கொழுந்து, முற்றல் இலை ஒன்றுகூட இல்லை.

அடுப்படிக்கே போய், "இப்படிப் பறிக்க எங்க பழகுனீக?" என்று கேட்டேன்.

அவர் சட்டியில் மத்தை வைத்து ஆத்திரத்தோடு கடைந்தார். "கஞ்சிக்கு இல்லாத வீட்டுல பொறந்தவ நான். இதைத் தின்னுதான் வளந்தேன். போதுமா? தின்னு."

தின்றேன். மறுசோற்றுக்கும் கேட்டு வாங்கித் தின்றேன். மறுநாளிலிருந்து சொல்லாமலே கீரை வந்தது.

அடுத்த மாதம் ரத்தம் ஏறியிருந்தது. "மாத்திரையோட வேற என்ன சாப்பிட்டே?" என்றார் நர்ஸ். நான் வாய் திறக்குமுன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி மாமியார் சொன்னார்: "பண்ணைக்கீரை. எங்க காட்டுல நாந்தான் தெனமும் குனிஞ்சு பறிக்கிறேன்."