மூலையில் நின்ற பச்சைக்காரன்

எங்கள் வீட்டு டிவி கேமின் அட்டைப்பெட்டியில், உள்ளே ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். அது சுத்தப் புளுகு. ஏழெட்டு விளையாட்டுகளுக்கே பேரை மாற்றி, நிறத்தை மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். அதிலும் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். தீபாவளி போனஸில் அப்பா வாங்கிவந்த அந்தக் கேம் உருப்படியாகப் பயன்பட்டது, நான் நான்காம் வகுப்பு முடித்த மே மாத விடுமுறையில்.

அந்த விளையாட்டில் உலகம் மொத்தமும் டிவி திரைக்குள்ளேயே அடங்கிவிடும். இப்போதைய விளையாட்டுகளைப் போல ஓட ஓடப் புதுப்புது இடங்கள் வராது. நாலு மாடி, நடுவில் ஏணிகள், அங்கங்கே பழங்கள், ஓயாமல் சுற்றிவரும் பேய்கள். பழங்களையெல்லாம் தின்று தீர்த்தால் கதவு திறக்கும். திறந்தால், கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு கட்டம். வலது ஓரத்தில் வெளியே போனவன் இடது ஓரத்தில் உள்ளே வந்துவிடுவான். எங்கேயும் போய்த் தொலைய முடியாது. ஒற்றை அறை கொண்ட எங்கள் லைன் வீட்டுக்கு ரொம்பப் பொருத்தமான விளையாட்டு.

அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். வட்ட வட்டமான மிஷின்கள் விடிய விடியச் சுற்றித் துணி பின்னும். அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. ஓர் ஊசி உடைந்தாலும் துணியில் நீளமாகக் கோடு விழுந்துகொண்டே போகும், உடனே மிஷினை நிறுத்திவிட வேண்டும். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. காலையில் அப்பா உள்ளே நுழையும்போது அம்மா கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். போகும்போது என்னிடம் சொல்வது ஒன்றுதான்.

“அம்முணி, அப்பா தூங்கோணும். சத்தம் கித்தம் போட்டயின்னா வந்து தோலை உரிச்சுப்போடுவேன்.”

அதனால் எங்கள் டிவிக்குப் பகலில் சத்தம் கிடையாது. வீட்டுக்குள் வெளிச்சமும் கிடையாது, ஜன்னலில் கம்பெனியின் கழிவுத் துணி தொங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் லீவுக்குத் தாராபுரம் போய்விட்டார்கள். ஆளே இல்லாத வீட்டில் தனியாக இருந்தால் பாட்டாவது பாடலாம். கையெட்டும் தூரத்தில் அப்பா படுத்திருக்க, தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை. சில நாள் எனக்கு அழுகை வந்துவிடும். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதாக வேண்டும்.

ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தை நான் போடுவதே இல்லை. எப்போதும் இருவர் ஆட்டம். சிவப்புக்காரன் நான். பச்சைக்காரனின் ரிமோட் தரையில் கிடக்கும், அவன் தொடங்கிய மூலையிலேயே நின்றுகொண்டிருப்பான். பேய் வந்து பிடிக்கிற வரைக்கும் எனக்குத் துணை.

ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் பல நாளாகச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அன்றும் மேல்மாடிப் பேயிடம் மாட்டியபோது பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

“கண்ணு, அந்தப் பேயி ஏணிகிட்ட வந்தா ஒருக்கா நின்னு போகுது பாரு. அப்ப ஏறீரு.”

திரும்பிப் பார்த்தேன். அப்பா தலைக்குக் கையை முட்டுக்கொடுத்துப் படுத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக, எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. சொன்னபடி ஏறிக் கடைசிப் பழத்தையும் தின்றேன். கதவு திறந்தது. சந்தோசத்தில் கத்திவிட்டு, பயந்துபோய் நானே வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா சிரித்தார். அப்புறம் எழுந்து வந்து பச்சைக்காரனின் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

மிஷின் ஓட்டத் தெரிந்த அளவுக்கு அவருக்கு விளையாடத் தெரியவில்லை. ஆனால் பச்சைக்காரன் முதல்முறை வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் தலைகாட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“அட, அக்கட்டால போனா இக்கட்டால வந்தர்றான்! இந்த ஊட்டுக்குச் செவுரே இல்லையா கண்ணு?”

அதற்குப் பிறகு தினமும் ஆட்டம்தான். அம்மாவின் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் அப்பா பாய்ந்துபோய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்வார். அம்மா டீ போட்டு எழுப்பி, “நல்லாத் தூங்குனீங்களா?” என்பாள். அப்பா கொட்டாவி விட்டபடி தலையாட்டுவார். அந்தக் கொட்டாவி மட்டும் நிஜம். ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே அவர் தலை தொங்கிவிட்டது. பேய் நெருங்கிவிட்டதே என்று தொடையில் நறுக்கென்று கிள்ளி எழுப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு லீவு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

ஒருநாள் காலை அப்பா வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“கண்ணு சொருகிருச்சு. ஊசி ஒடைஞ்சது தெரியல. ரோலு ரோலாக் கோடு உளுந்துருச்சு. நாளையிலிருந்து வரவேண்டாம்னுட்டாங்க.”

அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். “ஏனுங்க, பகல் பூரா தூங்கித்தான போறீங்க? அப்புறம் எப்படிங்க?”

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“இந்தப் புழுக்கத்துல எங்க தூக்கம் வருது. பொரண்டு பொரண்டுதான் படுத்திருந்தேன்.”

எங்கள் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்காத அப்பாவை நினைத்து எனக்கு ஒரே பெருமை. ஹாரன் அடித்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள். இனி அப்பா வேலைக்குப் போகவேண்டாம், அதனால் தூங்கவும் வேண்டாம், நாள் பூராவும் ஆடலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. டிவியைப் போட்டேன். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டினேன். பச்சைக்காரனின் ரிமோட்டை அவர் கையில் திணித்தேன்.

ஆட்டம் தொடங்கியது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பச்சைக்காரன் தொடங்கிய மூலையை விட்டு அசையவில்லை.

“அமுக்குங்கப்பா! பேயி வருதுங்கப்பா!”

பேய் வந்து பிடித்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் நின்றான்.

“பட்டன் வேலை செய்யலீங்களாப்பா?”

“தெரியல கண்ணு.”

அவர் ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டு, நல்லதென்று தெரிந்த என்னுடையதை அவருக்குக் கொடுத்தேன். இப்போது என் கையில் பச்சைக்காரன் துள்ளிக்கொண்டு ஓடினான். சிவப்புக்காரன் நின்றுவிட்டான். எனக்குக் குழப்பமாகப் போய்விட்டது. கேமின் அடாப்டர் சூடேறினால் இப்படி ஆகும் போலிருக்கிறது என்று முடிவுகட்டி சுவிட்சை அணைத்தேன்.

“சூடாயிருச்சுங்கப்பா. நீங்க படுத்துத் தூங்குங்க, ஆறுனதும் எழுப்பறேன்.”

அப்பா என் தலையில் கைவைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அடாப்டரை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அது ஆறுவதற்காகக் காத்திருந்தேன்.