தெருவில் கிடந்த பாவு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்க ஆசைப்படுகிறாள். "நமக்கு எதுக்குப்பா அது?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது கூச்சத்தில் நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீடு திரும்பினால் அடுப்பில் கஞ்சி வாசனை.

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு அந்த வாசனையில்தான் விடியும். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்துவார்கள். இழைகள் அறுந்தால் வீட்டின் உழைப்பெல்லாம் போச்சு என்பதால் யாரும் அதைத் தாண்டமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். புதுச்சேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி, பள்ளியில் படித்த பிரெஞ்சு மறந்துவிடக் கூடாதென்று கஞ்சி தடவிக்கொண்டே முணுமுணுப்பாள்.

"பாவு கூட பிரெஞ்சு பேசிக்கினு இருக்கியாமா?" என்பார் எதிர்வீட்டு மாமா. சித்தி நிறுத்தமாட்டாள்.

ஒரு காலை, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று தெருக்கோடிக் கோவில் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்தபடி எங்கள் பாவை நோக்கி நடந்தது. தெருவே கத்தியது, வரவேற்கிறோம் என்று நினைத்து இருவரும் கையசைத்தார்கள். சித்தி பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள், இழை கிடக்கிறது, சுற்றிப் போங்கள் என்று. தூக்கிய கால் அப்படியே பின்வாங்கியது.

மறுநாள் மாமா வந்து நின்றார். "அந்த வார்த்தைய எனக்கும் சொல்லிக் குடும்மா. என் பாவும் தெருவுலதானே கெடக்குது?"

இன்று அந்தத் தெருவில் பாவு இல்லை, வண்டிகள்தான். நாளை நானே பள்ளிக்குப் போய், பிரெஞ்சு என்று வாய்விட்டுச் சொல்லப்போகிறேன்.

வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.