சித்தி பார்க்காத விராலடிப்பான்

என் சித்திக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, முகமும் மாறாது. கோபத்தைத் துணி மடிப்பதுபோல் மடித்து உள்ளே வைத்துவிடுவாள். எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

கல்யாணமான புதிதில் சித்தப்பாவின் அக்கா, "இவ போடற டீயில வெறும் தண்ணிதான் இருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் எப்போது வந்தாலும் சித்தி சிரித்த முகத்தோடு ஒரு தம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து வைப்பாள். "என் டீ உங்களுக்கு ஒத்துக்காதே அண்ணி." சித்தி வீட்டில் எல்லோரும் டீ குடிக்கும்போது அவர் இன்றைக்கும் வெந்நீரைத்தான் ஊதி ஊதிக் குடிக்கிறார்.

படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு நான் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை அவள் என்னை மறக்கவிடமாட்டாள். பால் பொங்கினால்கூட, "பட்டதாரியம்மா, அடுப்பை அணைக்கறதுக்குத் தனியா பரிட்சை எழுதணுமா?" என்பாள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு, வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துகளை ஒளிரவிட்டு, கண்முன் ஒவ்வொரு வில்லையாக மாற்றுவாள். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா? அவசரமில்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க." முதலாளியே தன் அம்மாவுக்குக் கண் பார்க்க வேண்டுமென்றால் சித்தியிடம்தான் விடுவார். சித்தியும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது அவளுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. "சமையக்காரன் சாப்பிடக் கூடாதுன்னு சட்டமா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பறவை பார்க்கப் போவாள். ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிக்கரையில், பம்பு அறையை ஒட்டிய கொட்டகைதான் அவர்கள் சங்கம். தலைவர் ஒரு பல் டாக்டர். செயலாளர் ஒரு தபால்காரர். ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியாரும் அவர் மனைவியும், இன்னும் சிலரும் உறுப்பினர்கள். விடிந்ததும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து கரையைச் சுற்றுவார்கள். வெயில் ஏறியதும் கொட்டகையில் கூடி, பிளாஸ்க் டீயும் பன்னுமாக, யார் என்ன பார்த்தார்கள் என்று சொல்வார்கள். தபால்காரர் எழுதிக்கொள்வார்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் பார்த்தால் போதாது. கூடப் போனவரும் "நானும் பாத்தேன்" என்று கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டாம் கண் என்று பெயர். மரத்தில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பையை ஒருவர் வெள்ளை ஆந்தை என்று எழுதவைத்துவிட்டுப் போன பிறகு வந்த விதி. அந்த ஏரியில் அதுவரை யாரும் பார்க்காத பறவை என்றால், கொட்டகைச் சுவரிலிருக்கும் தகரப் பலகையில் பறவையின் பெயரும் முதலில் பார்த்தவரின் பெயரும் பெயிண்டால் ஏறும். அந்தப் பலகையில் டாக்டரின் பெயர்தான் அதிகம். சித்தியின் பெயர் ஒன்றுகூட இல்லை.

போன மழைக்காலத்தில் அது ஏறியிருக்க வேண்டியது. மதகை ஒட்டிய நாணலுக்குள் சித்தி ஒரு குருகைப் பார்த்தாள். குருகு பிடிவாதக்காரப் பறவை. ஆள் அரவம் கேட்டால் பறக்காது. அலகை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, மார்பிலிருக்கும் கோடுகளோடு நாணலோடு நாணலாக நின்றுவிடும். காற்றடித்து நாணல் ஆடினால் தானும் ஆடும். அன்று அவளோடு போனவர் டாக்டர். பல வருஷமாகக் குருகைத் தேடி அந்தச் சேற்றையெல்லாம் மிதித்தவர். சித்தி தொலைநோக்கியைத் திருப்பிக் காட்ட, அவர் குனிந்து பார்த்து, "அடேயப்பா!" என்றாராம்.

கொட்டகைக்கு வந்ததும் அவரே மாற்றிச் சொன்னார்.

"நானும் முழிச்சு முழிச்சுப் பாத்தேங்க. எனக்கு நாணல்தான் தெரிஞ்சுது." அதோடு விடவில்லை. "மேடம், நாளைக்குக் கடையைத் திறந்ததும் முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குருகு எழுதப்படவில்லை.

நான் அன்று அங்கே இல்லை. அந்த "அடேயப்பா"வுக்குச் சாட்சி சித்தி மட்டும்தான். அவள் சொன்னபோது நான் பாதிதான் நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரின் கிளினிக் கண்ணாடிக் கடை இருக்கும் அதே தெருவில். வாயைத் திறந்துவைத்தபடி படுத்திருப்பவர்களிடம் கதை சொல்வது அவர் வழக்கம். மறுத்துப் பேச முடியாத ஆட்கள். நாணலைக் குருகு என்று சொன்ன கண்ணாடிக்கடை அம்மாள் கதை அப்படித் தெருவில் இறங்கியது. வீக்கம் வடியாத கன்னத்தோடு ஒருவர் கடைக்கே வந்து, "அந்தக் குருகு மேடம் இல்லாம வேற யாராவது கண்ணு பாப்பாங்களா?" என்று கேட்டார். முதலாளி பொறுமைசாலிதான். ஆனால் வியாபாரி. "கொஞ்ச நாளைக்கு வெளிய கவுண்டர்ல இருங்கம்மா, பேச்சு அடங்கட்டும்" என்றார். உள்ளறை வேலைக்கு அவருடைய மருமகன் வந்தான். சித்தி கவுண்டரில் ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கினாள். பேச்சு அடங்கியது. உள்ளறை வேலை திரும்பவில்லை.

சங்கத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ தபால்காரரிடம் போய், இனிமேல் தன்னை டாக்டரோடு மட்டுமே ஜோடி சேர்க்கும்படி கேட்டுக்கொண்டாள். தபால்காரர் நெகிழ்ந்துபோனார். டாக்டரும், மேடம் பெரிய மனசு பண்ணி மறந்துவிட்டார் என்று நினைத்து, வாராவாரம் அவளுக்கென்று ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்தார். அவள் அதை வாங்கிச் சாப்பிடவும் செய்தாள்.

"எதுக்கு சித்தி அந்தாளோட சுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"அவர் ஏதாவது பெரிசாப் பாக்கணும். அன்னைக்கு நான்தான் பக்கத்துல இருக்கணும்."

"இருந்து?"

"இருந்து என்ன? நான் பாத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

குளிர் விடாத ஒரு காலையில் அது நடந்தது. வீட்டில் சும்மா கிடக்காதே என்று என்னையும் இழுத்துப் போயிருந்தாள். மறுகரையில் டாக்டரும் அவளும் முன்னால் நிற்க, நான் சற்றுப் பின்னால் நின்றேன். என்னிடம் பைனாகுலர் கிடையாது. அதனால் ஏரியையும் அவர்கள் இருவரையும் என்னால் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது.

முதலில் பார்த்தவர் டாக்டர்தான். "மேடம், மேல பாருங்க, மேல!" பருந்து அளவில் ஒரு பறவை நீர்ப்பரப்புக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. வயிறு வெள்ளை, தலையும் வெள்ளை. சித்தி பைனாகுலரை உயர்த்தியபடி தன்னை மறந்து, "கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை" என்றாள்.

"விராலடிப்பான்!" டாக்டரின் குரல் உடைந்தது. "நம்ம ஏரியில விராலடிப்பான், மேடம்!" மீன் பிடித்துத் தின்னும் அந்தக் கழுகு பலகையில் இல்லாத பறவை.

பறவை சிறகை மடக்கிக்கொண்டு, கால்களை முன்னால் நீட்டி, கல் விழுவதுபோல் விழுந்தது. தண்ணீர் வெடித்தது. அந்த நேரத்தில் சித்தி பைனாகுலரை இறக்கிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத நிலையில் இருந்தார் அவர். அவர் கண்ணில் நீர் நின்றது.

கொட்டகைக்கு அவர் நடந்து வரவில்லை, ஓடிவந்தார். டீயைக்கூடத் தொடாமல் கையை விரித்துக் காட்டிக் கதையைச் சொல்லி முடித்தார். பாட்டு வாத்தியார் கையைத் தட்டினார். தபால்காரர் பேனா மூடியைக் கழற்றி, வழக்கப்படி கேட்டார்.

"இரண்டாம் கண்?"

"மேடம்தான். பக்கத்துலயே நின்னாங்க."

சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கலைங்களே."

டாக்டர் சிரித்தார். "மேடம் விளையாடறாங்க."

"விளையாட்டு இல்ல டாக்டர். பெரிசா என்னமோ பறந்துச்சு. காக்காயா இருக்கும்."

"காக்காயா! காக்கா வந்து தண்ணிக்குள்ள விழுந்து மீன் பிடிக்குமாங்க?"

"மீனா? நான் எந்த மீனையும் பாக்கலையே."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீ பாத்தேல்ல?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

"பாத்தேன்" என்றேன்.

"விருந்தாளி கண்ணு கணக்குல வராதே" என்று தபால்காரர் வருத்தத்தோடு சொன்னார்.

"அவ படிச்ச பொண்ணு, பொய் சொல்ல மாட்டா" என்றாள் சித்தி. "மெம்பர் இல்லாமப் போயிட்டாளே, பாவம்."

பாட்டு வாத்தியாரின் மனைவி பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"இது... அந்தக் குருகுக்காகவா, மேடம்?"

"எந்தக் குருகு? அன்னைக்கு அங்க நாணல்தானே இருந்துச்சு. நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். பலகையைப் பார்த்தார். பல்லைப் பிடுங்கச் சம்மதிப்பவர்போல் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டு எழுந்து நின்றார்.

"அன்னைக்குக் குருகு இருந்துச்சு. நானும் பாத்தேன். நல்லாவே பாத்தேன். அதை நான் கண்டுபிடிக்கலையேன்னு தாங்க முடியல. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"அடப் பாவி மனுஷா!" என்றார் பாட்டு வாத்தியார்.

அப்படியானால் அந்த "அடேயப்பா" உண்மைதான்.

தபால்காரர் நேர்மையான மனிதர். ஒவ்வொன்றாகவே போவார். "அப்போ குருகு, மேடம் பேர்ல. இரண்டாம் கண் டாக்டர். சரிதானே?" டாக்டர் தலையசைத்தார். தபால்காரர் நிதானமாக எழுதி முடித்து நிமிர்ந்தார். "சரி. இப்ப விராலடிப்பான்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். டாக்டர் அவளை எதிர்பார்த்து நின்ற விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பங்குக்கு அவர் கொடுத்துவிட்டார். இனி அவள் கொடுக்க வேண்டும்.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கின் மேல் சரிசெய்து, அவரை நேராகப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். நான் பாக்கவே இல்ல."

"மேடம்!"

"கண்ணுல ஏதோ கோளாறு போல. கடைக்குப் போய் டெஸ்ட் பண்ணிக்கலாம்னா, அந்த உள்ளறையில இப்ப முதலாளி மருமகன்ல இருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர் எழுதிய அரைச் சொல்லின் மேல் கோடு இழுத்தார்.

திரும்பும் வழியில் சித்தி கையை வீசி வீசி நடந்தாள். நான் பின்தங்கினேன். அவள் சொன்னதற்கு எதிராக நான் "பாத்தேன்" என்று சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கும் வெந்நீர் வைக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

"அவர் ஒத்துக்கிட்டாருல்ல சித்தி?" என்றேன் கடைசியில். "அதுக்கப்புறமாவது நீங்க சொல்லியிருக்கலாம்."

"அவர் எங்க ஒத்துக்கிட்டாரு? பேரம் பேசினாரு. விராலடிப்பான் வராம இருந்திருந்தா அந்தக் குருகு சாகற வரைக்கும் நாணலாவே இருந்திருக்கும்."

அது சரிதான். எதையாவது எதிர்பார்த்துச் சொன்னால் உண்மை பாதி உண்மையாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எழுந்து நின்றபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதைச் சித்தியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் சித்தி மறுநாள் கடையில் போட்டுக்கொள்ளும் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அது மேல வந்தப்ப மீன் இருந்துச்சா?"

"எது சித்தி?"

"நடிக்காத."

"நீங்க பாக்கலையா?"

"விழறதுக்கு முன்னாடி வரைக்கும்தான். அப்புறம் அந்தாளு மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன். எவ்வளவு சந்தோஷப்படறாருன்னு பாத்தாத்தானே, எவ்வளவு பிடுங்கறோம்னு தெரியும்."

நான் சொன்னேன். தண்ணீருக்குள் அது முழுதாக மறைந்துபோனதை. இறக்கைகளை அடித்து அடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொண்டதை. அந்தரத்திலேயே நாய்போல உடம்பை உதறியபோது வெயிலில் தெறித்த துளிகளை. மீனை இரண்டு காலாலும் முன்னும் பின்னுமாகப் பற்றி, மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொண்டு, மீனும் சேர்ந்து பறப்பதுபோலப் பறந்து போனதை.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மறுபடி சொல்லு. விழுந்ததுல இருந்து."

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை மெதுவாக. முடித்தபோது அவள் முகத்தில் ஏதோ இளகியதுபோல் இருந்தது. நான் ஏமாந்தேன்.

"அப்போ அந்தாளு அதை முழுசாப் பாத்துட்டாரு. அதைப் பிடுங்க முடியாது" என்றாள்.

"ஆமா சித்தி."

"உதறினதைக்கூட?"

"கூட."

சித்தி கோட்டைத் திருப்பிப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் காலரின் மேல் அழுத்தினாள். மேசை முனகியது.