அண்ணனுக்கு அச்சடித்த சட்டை

அந்தத் தெருவில் அவளை டீ-ஷர்ட் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயதில் இருபது வருடம் மூத்த சைக்கிள் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் கடை. ஒரே ஒரு நீள அறை. ஜன்னலோரம் கணினி, அதை ஒட்டி எழுத்து வெட்டும் இயந்திரம், எதிர்ச்சுவரில் வெட்டிய எழுத்தைச் சூடுவைத்துத் துணியில் ஒட்டும் ஹீட் பிரஸ்.

அந்த ஹீட் பிரஸ்ஸை மாடிக்கு ஏற்றியவன் அவள் அண்ணன். கூலிக்கு வந்த இரண்டு பேர் படிக்கட்டின் குறுகலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நழுவிவிட்டார்கள். அண்ணன் ஒரு சாக்கை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு அதைத் தூக்கினான். பாதி வழியில் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"பாப்பா, பேசாம கடையை இங்கயே தொறந்துடு. வர்றவங்க என்னைத் தாண்டிக் குதிச்சுப் போகட்டும்," என்றான் மூச்சிரைக்க.

நாற்பது வயதைத் தொடப்போகிறவள் அவனுக்கு இன்னும் பாப்பாதான். அவள் கல்யாணம் மூன்றே வருடத்தில் முறிந்தபோது, ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் அவன் ஒருவன்தான். அச்சகத்தில் எட்டு வருடம் அழைப்பிதழ் வடிவமைத்துக்கொண்டிருந்தவள் சொந்தமாகக் கடை போடலாமா என்று தயங்கியபோதும் அவன்தான் பிடித்துத் தள்ளினான்.

கடை ஓகோ என்று ஓடவில்லை, படுத்துவிடவும் இல்லை. பிறந்தநாள் குழந்தையின் படம் போட்ட சட்டைகள், கால்பந்து அணிகளுக்கு எண் போட்ட சட்டைகள், உணவகத்தில் பரிமாறுகிறவர்களுக்குச் சீருடைகள். வருகிறவர்களில் பாதிப் பேர் லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "இதுக்கு மேல பெருசாக்கினா லோகோ மட்டும்தான் இருக்கும், சட்டையை நீங்க தனியா வாங்கணும்," என்பாள் அவள். சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டாள். எழுத்து விஷயத்தில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம். கடையில் துணைக்கு ஒரு பெண் இருந்தாள், இரண்டு பிள்ளைகளின் அம்மா. வெட்டிய தாளிலிருந்து எழுத்தின் நடுவே நிற்கும் வேண்டாத துண்டுகளை இடுக்கியால் உரித்தெடுப்பது அவள் வேலை. "ண வந்தாலே எனக்கு மூச்சு முட்டுதுக்கா. யாரு இத்தனை சுழி போடச் சொன்னது?" என்று புலம்பிக்கொண்டே உரிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்கு ஒரு நாள் பம்பு கம்பெனியின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி நேரிலேயே வந்தார். அண்ணன் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்த கம்பெனி அது.

"மொத்தம் இருநூத்தி பதினோரு பேர். முன்னாடி 'நாம் ஒரே குடும்பம்'னு எங்க வாசகம். பின்னாடி அவங்கவங்க பேரு, பேருக்குக் கீழ எத்தனை வருஷம் வேலை பாத்தாங்களோ அந்த நம்பர். பாக்க கண்ணியமா இருக்கணும்," என்றார்.

"சர்வீஸ் பாராட்டு மாதிரியா மேடம்?"

அதிகாரி ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். "அப்படி வெச்சுக்கலாம். ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளிய யாருக்கும் தெரியக்கூடாது." அதற்கென்று கையோடு கொண்டுவந்திருந்த ஒரு தாளை நீட்டினார். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவள் கடைக்கு அத்தனை பெரிய ஆர்டர் அதுவரை வந்ததில்லை.

பட்டியலைத் திறந்தபோது நாற்பத்து மூன்றாவது வரியில் அண்ணன் பெயர் இருந்தது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. பத்தொன்பது வருடம் உழைத்ததற்கு இப்போதாவது யாரோ திரும்பிப் பார்க்கிறார்களே! அளவு என்று போட்டிருந்த இடத்தில் 'எல்' என்று இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தொப்பை வைத்து ஐந்து வருடமாகியும் அண்ணன் எந்தப் படிவத்திலும் எல் என்றுதான் எழுதுவான். கம்பெனி கொடுக்கும் சட்டையை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பீரோவில் போட்டுவிடுவான். இந்தச் சட்டையாவது அவன் உடம்பில் ஏறட்டும் என்று அவள் அதை எக்ஸ்எல் ஆக்கினாள்.

அந்த வேலைக்காக அவள் புதிதாகவே ஓர் எழுத்து வரைந்தாள். கடைகளில் பார்க்கிற தடித்த எழுத்து அல்ல. தூரத்திலிருந்து படித்தாலும் பெயருக்கு ஒரு மரியாதை தெரிகிற மாதிரி நிமிர்ந்து நிற்கும் எழுத்து. நான்கு நாள் அதற்கே போயிற்று. அடர்நீலத் துணியில் முதல் மாதிரியை ஒட்டி எடுத்தபோது துணைக்கு இருந்த பெண், "அக்கா, இதைப் போட்டுக்கிட்டு நடந்தா மந்திரி மாதிரி இருக்கும்," என்றாள். அண்ணனின் சட்டையை மட்டும் அவள் தானே வெட்டி, தானே உரித்து, தானே ஒட்டினாள்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை, திருத்திய பட்டியல் வந்தது. ஆறு பெயரை நீக்கி வேறு ஆறு பெயரைச் சேர்த்திருந்தார்கள். முதல் பட்டியலில் இல்லாத இரண்டு பத்திகள் இதில் இருந்தன. யாரோ மறந்துபோய் அப்படியே அனுப்பிவிட்டார்கள். ஒன்றின் தலைப்பு 'கடைசிப் பணி நாள்'. மேலிருந்து கீழ்வரை எல்லா வரியிலும் அந்த வெள்ளிக்கிழமையின் தேதி. அடுத்ததன் தலைப்பு 'பணிநீக்கக் கடிதம்'. கீழே வரிசையாக, தயார், தயார், தயார்.

அவள் அண்ணனின் வரிக்குப் போய்ப் பார்த்தாள். தயார்.

உடனே அதிகாரிக்குப் போன் போட்டாள். "மேடம், நீங்க அனுப்பின ஃபைல்ல ரெண்டு பத்தி…"

எதிர்முனையில் அதிகாரியின் மென்மையான குரல், "அதை நீங்க பாக்கலன்னு நெனச்சுக்கறேன். சரியான ஃபைலை இப்பவே அனுப்பச் சொல்றேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். சின்னக் கடை, பாவம், கோர்ட்டு கேஸுன்னு அலைய முடியாது," என்றது.

அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தான். அவன் காலடி படிக்கட்டில் கேட்டதுமே அவள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அடுக்கியிருந்த சட்டைகள் மேல் போட்டு மூடினாள். அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு.

அவன் மகளுக்கு ஆறு மாதம் முன்புதான் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. காலையும் மாலையும் பயிற்சி செய்ய வைத்தால்தான் நிமிர்ந்து நடப்பாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணி ஓர் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவள். நீண்ட விடுப்பு கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"பேசி முடிச்சாச்சு பாப்பா. நாளைக்கு உங்க அண்ணி வேலையை விடறதா லெட்டர் கொடுக்கறா. ரெண்டு பேரும் வேலைக்கு ஓடிக்கிட்டிருந்தா புள்ளையை யாரு பாக்கறது? எனக்குத்தான் நிரந்தர வேலை இருக்கே, இழுத்துப் பிடிச்சு ஓட்டிடலாம்."

அவள் வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "ஒரு வாரம் பொறுத்துக் கொடுத்தா என்ன அண்ணா?"

"எதுக்கு?"

"சும்மாதான். அவசரப்பட வேண்டாமேன்னு."

"அவ எடத்துக்கு ஆறு பேரு லைன்ல நிக்கறாங்களாம். நாளைக்கே கொடுத்தா இந்த மாசமே விட்டுடுவாங்க. நல்ல காரியத்தை எதுக்குத் தள்ளிப்போடணும்?" என்றவன் மூடியிருந்த அடுக்கைப் பார்த்தான். "பெரிய ஆர்டர் போலிருக்கே? யாருக்கு?"

"ஒரு கம்பெனிக்கு," என்றாள்.

"பரவாயில்லையே, எங்க பாப்பா பெரிய ஆளாயிட்டா!" அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு எழுந்து போனான். படிக்கட்டில் அவன் சீட்டியடித்துக்கொண்டே இறங்குவது கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பி வந்திருப்பான். அவள் குரல் கொடுக்கவில்லை.

பிறகு அதற்கு எத்தனையோ காரணம் தேடிப் பார்த்தாள். போட்ட கையெழுத்து, கோர்ட்டு என்ற சொல், துணைக்கு இருந்தவளின் இரண்டு பிள்ளைகள், கடைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். எல்லாமே உண்மைதான். ஆனால் எதுவும் அந்த நிமிடத்தில் அவள் மனதில் இருக்கவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான், அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். காலையில் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். காலையில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தாள். ஒன்பதே காலுக்கு அண்ணியிடமிருந்து செய்தி வந்தது: கொடுத்துட்டேன்.

வியாழக்கிழமை கம்பெனி வண்டி வந்து சட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் இருநூற்றுப் பதினோரு பேரையும் கூடத்துக்கு அழைத்து, பழரசம் கொடுத்து, ஒரு கடிதத்தையும் ஒரு சட்டையையும் கையில் கொடுத்து, பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் சனிக்கிழமை வந்தான். உட்காரவில்லை. கையில் பிரிக்காத கண்ணாடி உறையோடு சட்டை.

"இந்த எழுத்து உன்னுது. பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு," என்றான். "சரி, ஆர்டர் வந்துச்சு, அடிச்சுக் கொடுத்தா, அவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி இதைப் பாத்தேன்." உறையின் மூலையில் ஒட்டியிருந்த அளவுச் சீட்டைக் காட்டினான். "கம்பெனியில நான் எல்-னுதான் எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்எல் வந்திருக்கு. என் பேரை நீ பாத்திருக்க."

"பாராட்டுக்குன்னு நெனச்சு மாத்தினேன் அண்ணா. சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது."

"அப்ப தெரியாது. எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்று ஒரு வார்த்தை. அவன் நம்பியிருப்பான், நம்புவதற்குத்தான் வந்திருந்தான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை," என்றாள்.

அவன் தலையாட்டினான். கத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை நான் இங்க இந்த முக்காலியில உக்காந்திருந்தேன்," என்று மட்டும் சொன்னான். சட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அண்ணி, தான் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க ஆய்வகத்துக்கு மூன்று முறை நடந்தாள். அவள் இடத்தில் திங்கட்கிழமையே ஆள் உட்கார்ந்தாயிற்று. வேறொரு ஊரில், ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது; மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வந்தான். அண்ணி வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். மகளைப் பயிற்சி செய்ய வைக்க ஆளில்லை. அவளுடைய வலது தோள் இறங்கிப்போயிற்று என்று யாரோ சொல்லித்தான் அத்தையான இவளுக்கே தெரியவந்தது. இவள் இரண்டு முறை அண்ணன் வீட்டுக்குப் போனாள். முதல் முறை அண்ணி கதவைத் திறந்து, "அவர் இல்ல," என்றாள். இரண்டாம் முறை திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது மட்டும் கேட்டது.

வெளியே போனாலோ எங்கும் அந்தச் சட்டை. துணி நல்ல துணி, யாரும் தூக்கிப்போடவில்லை. வெள்ளையடிக்கிறவன், வண்டி தள்ளுகிறவன், வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நிற்கிறவன் எல்லோர் முதுகிலும் அவள் நான்கு நாள் உட்கார்ந்து வரைந்த எழுத்து நிமிர்ந்து நின்றது. இருபத்திரண்டு. பதினைந்து. முப்பத்தொன்று. அவள் வேறு தெரு வழியாகக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கும் வந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து அதே அதிகாரி போன் செய்தார். "போன தடவை எல்லாரும் ரொம்பப் பாராட்டினாங்க. இந்தத் தடவை எண்பத்தாறு."

"முடியாது மேடம்," என்று சொல்லி வைத்துவிட்டாள். அதோடு நிற்கவும் முடியவில்லை. ஷிப்ட் முடியும் நேரம் கம்பெனி வாசலுக்குப் போனாள். கால்பந்து அணிச் சட்டைக்காகக் கடைக்கு வந்துபோகும், அங்கே வேலை பார்க்கிற கோல்கீப்பரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"மறுபடியும் ஆளைக் குறைக்கப் போறாங்க. எண்பத்தாறு பேரு. பேரெல்லாம் தெரியாது, பட்டியலை நான் வாங்கல. வீட்டுல பெருசா எதுவும் முடிவு பண்ணிடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

அவன் கையை விடுவித்துக்கொண்டான். "கூடப் பொறந்தவனுக்குச் சொல்லல, எங்களுக்கு வந்து சொல்றியாக்கா?" என்று கேட்டுவிட்டு நண்பர்களோடு நடந்தான். அவர்களில் ஒருவன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வேறொரு கடை அந்த ஆர்டரை எடுத்தது. எண்பத்தாறு பேரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். கோல்கீப்பரும் அதில் ஒருவன் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார்.

அன்றைக்கு அவள் துணைக்கு இருந்தவளின் போனை வாங்கி அண்ணனுக்கு அடித்தாள். தெரியாத எண் என்பதால் எடுத்தான். பின்னணியில் பெட்டிகள் இழுபடும் சத்தம்.

"அண்ணா, இந்தத் தடவை நான் போய்ச் சொன்னேன். யாரும் கேக்கல," என்றாள்.

அவன் மூச்சுவிடுவது கேட்டது. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"வேலை இருக்கு," என்றான். பாப்பா என்று சொல்லவில்லை.